மிகைப் பாட்டும் இசைத்தொகையின் எல்லையும்

பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சிற்குக் கொணர்ந்தோர் எதிர்ப்பட்ட இடர்ப்பாடுகளுள் மிகைப் பாடல் பற்றியது ஒன்று. கம்பர் வாக்கென ஏடுகளிற் காணப்பெறும் செய்யுட்களுள் எவை அவர் பாடியவை, எவை பிறர் பாடிப் புகுத்தியவை என ஆராய்ந்து, ஐயத்திற்கு இடமாயவற்றை ‘மிகைப் பாடல்கள்’ என வேறு பிரித்துக் காட்டுதல் பதிப்பாசிரியரின் கடனாயிற்று. வெள்ளியம்பலத் தம்பிரான் பெயரோடு சார்த்திச் சில பாடல்களை ‘வெள்ளிப் பாடல்’ என வழங்குதலும், சீவக சிந்தாமணியிற் கந்தியார் பாடல்கள் விரவியுள்ளன என்னும் செய்தியும் தமிழ் பயில்வார் நன்கறிந்தவை. இவ்வாராய்ச்சி நமக்குப் பழகியது. இதனோடு பெரிதும் ஒத்த சிக்கலொன்று மேலைநாட்டு இசையுலகில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக நிலவி வருகின்றது. அதனைப் பெரும்பாலும் வாணிகம் பற்றிய செய்தியாகவே பேசுகின்றனர். நூற்கொள்கை பற்றிய வினாவாகவும் அதனை ஆராயலாம் என்பது எம் கருத்து.

மேலைநாட்டு இசைக்கலைஞர் பத்துப் பன்னிரண்டு பாட்டுக்களை ஒருங்கமைத்து ஒரு பெயரின்கீழ் வெளியிடுவது ‘ஆல்பம்’ எனப்படும். அதனை ஈண்டு இசைத்தொகை என்போம். ஒருமுறை வெளிவந்து விற்ற இசைத்தொகையைச் சில திங்களோ சில ஆண்டோ கழித்து, முன்னில்லாத பாட்டுச் சிலவற்றை ஈற்றிற் கூட்டி, உறையை மாற்றி, விலையை ஏற்றி மீண்டும் வெளியிடுகின்றனர். கூட்டப்பெறும் பாட்டிற்குப் ‘போனஸ்’ என்று பெயர். முன்னரே வாங்கியவர் புதிய பாட்டின் பொருட்டுப் பழையனவற்றையும் மீண்டும் வாங்க வேண்டியவராகின்றார். நம் கடைத்தெருவிற் கொசுறு என்பது வாங்கிய பொருளின்மேல் விலையின்றி இடுவது. கறிவேப்பிலைக் கொத்தின் பொருட்டுக் காய்கறி முழுவதையும் இரண்டாம் முறை வாங்கச் சொல்லும் கடைக்காரரை யாம் கண்டதில்லை. ஆதலின் இதனைக் கொசுறு என்றல் பொருந்தாது. மிகை என்பதே தக்க பெயர்.

விற்பனை பெருக்கும் நோக்குடன் இவ்வாறு மிகை கூட்டி மறுவெளியீடு செய்தல் இசைக்கலைஞர்க்குத் தகுமா என்பதே வினா. இதற்கு விடை காண்பதன்முன் இசைத்தொகை எவ்வகைப் பொருள் என்பதைத் துணிதல் வேண்டும். தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நால்வகைப்படுத்துகின்றது. தொகைநிலையில் ஒரு செய்யுள் கூடினும் குறையினும் ஏனையவற்றிற்கு ஊறில்லை. குறுந்தொகை நானூற்றின் எல்லையைக் கடந்து 401 பாட்டுடையதாய் நிற்கின்றது. அதனால் அந்நூல் குன்றிற்று என்று கூறினார் எவருமிலர். பாரதம் பாடிய பெருந்தேவனாரின் கடவுள் வாழ்த்துப் புறநானூற்றில் முதற்பாட்டாக எண்ணப்பெறுகின்றது. அவரே பாடிய கடவுள் வாழ்த்துக் குறுந்தொகையிலும் நற்றிணையிலும் எண்ணிற்குப் புறம்பே நிற்கின்றது. தொகைநூல் இவ்விரு முறையையும் தாங்கும். தொடர்நிலையோ அன்னதன்று. அதன் உறுப்புக்கள் வைப்புமுறையாற் பொருள் பெறுவன. ஈறு ஈறாக நிற்பதனாலேயே பயன்படுவது.

இசைத்தொகை என்னும் பெயரை யாமே இட்டோமாயினும், அப்பெயர் பெறுவன எல்லாம் தொகைநிலை ஆகா. தனித்தனியே விற்ற பாட்டுக்களை ஒருவழித் தொகுத்த தட்டுக்கள் பல உள. அவற்றின் ஈற்றில் மேலும் இரண்டு பாட்டுக் கூட்டுதல் பற்றி எவரும் வருந்த வேண்டுவதில்லை. ஆயின் 1960-களின் நடுப்பகுதி தொடங்கி, தொடக்கமும் இடைநிறுத்தமும் முடிவும் கருதி ஒரு முழுமையாகவே அமைக்கப்பெற்ற தொகைகள் பல தோன்றின. பெயர் தொகையாயினும் இயல்பால் அவை தொடர்நிலையே. நம் ஆராய்ச்சி இவற்றைப் பற்றியதே.

மிகைப் பாட்டுத் தோன்றியதற்குக் கருவியின் மாற்றமும் ஒரு காரணம். அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 1948-இல் வெளியிட்ட நீண்டநேர இசைத்தட்டு, பக்கத்திற்கு இருபது நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட அளவே கொண்டது. கலைஞர் அவ்வளவிற்கு இசைந்தே தம் பாட்டுக்களை வரிசைப்படுத்தினர். முதற்பக்கத்தின் ஈற்றில் எதை வைப்பது, தட்டைத் திருப்பியவுடன் எது ஒலித்தல் வேண்டும் என்பனவெல்லாம் எண்ணிச் செய்தவை. 1982-இற் குறுந்தட்டு வந்தது. அஃது எழுபத்து நான்கு நிமிடம் கொள்வது. முப்பத்தைந்து நிமிடத் தொகை அதிற் பாதியிடத்தையே நிரப்பிற்று. எஞ்சிய பாதி விற்போர் கண்ணிற்கு வெற்றிடமாகப் பட்டது. ஓலையில் இடம் எஞ்சியது என்பதற்காகப் பாடிச் சேர்த்தாரை நாம் இடைச்செருகுவோர் என்கின்றோம். ஈண்டு அச்செயலே விற்பனை உத்தியாயிற்று.

எடுத்துக்காட்டொன்றை விரிவாகக் காண்போம். அமெரிக்க நாட்டுப் பீச் பாய்ஸ் குழுவினர் 1966-ஆம் ஆண்டு மே திங்களில் ‘பெட் சவுண்ட்ஸ்’ என்னும் தொகையை வெளியிட்டனர். பதின்மூன்று உருப்படிகள், முப்பத்தாறு நிமிட அளவு. அமைத்தவர் பிரையன் வில்சன். அப்போது அவர்க்கு அகவை இருபத்து மூன்று. இளமை கழிவதையும் அன்பு மாறுவதையும் பற்றிய பாட்டுக்கள் அதில் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. இறுதிப் பாட்டாகிய ‘கேரலைன், நோ’ பழைய காதலியின் மாற்றத்தை எண்ணி இரங்குவது. அப்பாட்டு அடங்கியபின் இசை இல்லை. புகைவண்டியொன்று நெருங்கி வந்து கடந்து செல்லும் ஒலியும், அதனைப் பார்த்துக் குரைக்கும் நாய்களின் ஒலியுமே கேட்கின்றன. வண்டி தொலைவிற் சென்று மறைகின்றது. பின்னர் அமைதி. கேட்போர் உள்ளத்தில் அவ்வமைதியும் பாட்டின் ஒரு கூறாகவே படிகின்றது. நெய்தல் திணைப் பாட்டொன்றில் தேர் சென்ற பின்னர் எஞ்சும் வெறுமையை உணர்ந்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இத்தொகை 1990-இற் குறுந்தட்டாக வந்தபோது மூன்று மிகைகள் ஈற்றிற் கூட்டப்பெற்றன. முதலாவது, தொகையிலுள்ள ஒரு பாட்டிற்கென அமைத்துப் பின் விடப்பெற்ற குரலிசைப் பகுதி. இரண்டாவது, ‘ஹேங் ஆன் டு யுவர் ஈகோ’ என்னும் பாட்டு. மூன்றாவது ‘டிராம்போன் டிக்சி’ என்னும் கருவியிசை. இவற்றுள் இரண்டாவது எமக்குப் பெரிதும் சுவை பயப்பது. தொகையில் ‘ஐ நோ தேர்ஸ் அன் ஆன்சர்’ என்று நிற்கும் பாட்டின் பழைய வடிவமே அது. முதல் வடிவின் சொற்கள் போதைப்பொருட் பழக்கத்தைக் குறிப்பன என்று குழுவைச் சேர்ந்த மைக் லவ் மறுத்தமையின் சொற்கள் மாற்றப்பெற்றன. எனவே இஃது ஒரு பாடவேறுபாடு. அதுவும் மாற்றியதன் காரணமும் தெரிய நிற்கும் பாடவேறுபாடு. நம் பதிப்பாசிரியர்கள் இத்தகையதொன்று கிடைத்திருப்பின் எத்துணை மகிழ்ந்திருப்பர்! ஆயினும் அதனை எங்கே வைத்திருப்பர்? அடிக்குறிப்பிலோ பின்னிணைப்பிலோ வைத்திருப்பரேயன்றி, காப்பியத்தின் இறுதிச் செய்யுளை அடுத்து எண்தொடர வைத்திரார். 1990-ஆம் ஆண்டுக் குறுந்தட்டிலோ புகைவண்டி மறைந்த சிறிது நேரத்திற்குள் அக்குரலிசைத் துணுக்கு எழுகின்றது. இரங்கற் பாட்டின்பின் ஒத்திகையொலி! நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் மிகைபடக் கூறலைக் காட்டிலும் ‘சென்று தேய்ந்திறுதல்’ என்பதே இதற்கு ஏற்றது எனத் தோன்றுகின்றது.

எம்பால் ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் இத்தொகையைக் குறுந்தட்டின் படியிலேயே முதன்முதற் கேட்டவர். அதன் முடிவைப் பற்றி உரையாடியபோது, கருவியிசையோடு களிப்பாக முடிகின்றது என்றார். அவர் கேட்டதை அவர் சொன்னார், அவர்மேற் குற்றமில்லை. தொகையின் பொருளே அவர்க்கு மாறிவிட்டது என்பதே யாம் கவலையுறுவது. மிகைப் பாட்டைக் கேளாது நிறுத்திக்கொள்ளும் உரிமை கேட்போர்க்கு உண்டன்றோ எனச் சிலர் வினவுவர். எது மிகை என அறிந்தவர்க்கே அவ்வுரிமை பயன்படும். அறியாதவர்க்கு எண்வரிசையே நூல்.

தொடர்நிலையைச் சொல் தொடர்நிலை, பொருள் தொடர்நிலை எனப் பகுப்பர். அந்தாதி முன்னதன்பாற் படும். அந்தாதியின் இறுதிச் சொல் முதற்சொல்லோடு மண்டலித்து வருதல் மரபு. மேலை இசையில் இதற்கு நேரான சான்று ஒன்று உண்டு. பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் 1979-இல் வெளியிட்ட ‘தி வால்’ என்னும் இரட்டைத் தட்டின் ஈற்றில் ஒரு வினாத்தொடர் பாதியில் அறுகின்றது. அதன் மறுபாதி தொகையின் தொடக்கத்திலேயே ஒலித்துவிட்டது. முடிவு முதலொடு சென்று முட்டுகின்றது. இத்தகைய தொகையின் ஈற்றிற் புதுப்பாட்டொன்றைக் கூட்டுதல், நூறாம் பாட்டு மண்டலித்த அந்தாதிக்கு நூற்றோராம் பாட்டுப் பாடுதல் போல்வது. நல்லூழாக, 2012-இல் அதனை விரிவாக மறுவெளியீடு செய்தோர் முன்வரைவுகளை வேறு தட்டுக்களில் வைத்தனர், மண்டலம் குலையவில்லை.

இதனால் மறுவெளியீடே கூடாது என்பது எம் கொள்கையன்று. சாமிநாதையர் 1887-இல் வெளியிட்ட சிந்தாமணியை, மேலும் ஏடுகள் கிடைத்தபின் திருத்திப் பின்னும் பதிப்பித்தார். முதற்பதிப்பு வாங்கியவர் இரண்டாவதை வாங்கினமை வீண் செலவு என எவர் கூறுவர்? இசையிலும் இத்தகைய மறுபதிப்பு உண்டு. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959-இல் வெளிவந்தது. முதற்பக்கத்திலுள்ள மூன்று உருப்படிகளும் அவ்வாண்டு மார்ச்சு 2-ஆம் நாள் பதிவானவை. அன்று பதிவுக் கருவியின் நாடா சற்று மெல்ல ஓடியமையால், பின் உரிய விரைவில் இயக்கியபோது இசை சுருதியிற் சிறிது ஏறி ஒலித்தது. முப்பது ஆண்டிற்கு மேலாகக் கேட்டவர் அனைவரும் அப்பிழைபட்ட சுருதியையே கேட்டனர். தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகிய இளங்கலைஞர்கள் தம் கருவியின்மேல் ஐயுற்றிருப்பர். 1992-ஆம் ஆண்டு மறுவெளியீட்டிற் பிழை களையப்பெற்றது. இது மெய்யான பதிப்புப் பணி. விலை மீண்டும் கொடுத்தற்கு உரியது.

1997-ஆம் ஆண்டு வெளியீட்டில் ‘ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்’ என்னும் இறுதி உருப்படியின் மற்றொரு வாசிப்பு மிகையாகச் சேர்ந்தது. எம் அளவுகோலின்படி இதனையும் யாம் கடிதல் வேண்டும். ஈற்றையடுத்து நிற்கின்றது அன்றோ? ஆயின் கடிய மனம் வருகின்றிலது. அவ்வுருப்படிக்கு முன்னெழுதிய மெட்டு இல்லை. ஐந்து இசைநிரல்களே வரையறை. ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் உலாவுவது என்பது வாசிப்பவர் உளத்தைப் பொறுத்தது. ஆதலின் இரண்டாம் வாசிப்புக் கூறியது கூறல் ஆகாது. ஒரே இராகத்தை ஒரே வித்துவான் மறுநாள் ஆலாபனை செய்தல் போல்வது. கற்பனையிசைக்கு எல்லை வேறு, இயற்றிய இசைக்கு எல்லை வேறு என்பதை இச்சான்று காட்டுகின்றது.

மிகையை வைக்கும் நெறிக்குப் பீட்டில்ஸ் குழுவினரின் தட்டுக்கள் நல்ல முன்மாதிரி. 1987-இல் அவர்தம் தொகைகள் குறுந்தட்டாக வந்தபோது எதன் ஈற்றிலும் எதுவும் ஒட்டப்பெறவில்லை. தொகைகளிற் சேராது தனித்தட்டாக வந்த பாட்டுக்களை 1988-இல் ‘பாஸ்ட் மாஸ்டர்ஸ்’ என இரண்டு தனித்தொகுதிகளாக்கினர். தனிப்பாடற்றிரட்டு என்னும் நம் மரபும் இதுவே. ‘சார்ஜண்ட் பெப்பர்’ தொகையின் இறுதியிற் பல பியானோக்களில் ஒருங்கே எழுப்பிய சுரக்கூட்டு நாற்பது நொடிக்கு மேல் தேய்ந்து தேய்ந்து அடங்குவது. அதனையடுத்து வேறு பாட்டொன்று தொடங்கியிருப்பின் எவ்வாறிருக்கும் என எண்ணிப் பார்க்க. அத்தொகைக்கெனப் பதிவு தொடங்கிய ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’, ‘பென்னி லேன்’ என்னும் இரண்டும் 1967-இன் தொடக்கத்திலேயே தனித்தட்டாக வெளிப்பட்டமையால் தொகையினின்று விடுபட்டன. அதனைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டின் பின்னாளில் இதன்பொருட்டு வருந்தினார். எனினும் அவ்விரண்டையும் குறுந்தட்டின் ஈற்றில் ஒட்டித் தம் வருத்தத்தைத் தீர்த்துக்கொண்டாரல்லர்.

இவையெல்லாம் பழங்கதை. இந்நூற்றாண்டில் விற்பனைக் கணக்கே மிகையை ஈன்றெடுக்கின்றது. முன்னரே சப்பானில் இதற்கு ஒரு வழக்கு இருந்தது. ஆங்கு உள்நாட்டுக் குறுந்தட்டின் விலை வரையறுக்கப்பெற்று உயர்ந்திருந்தது. அயல்நாட்டிலிருந்து இறக்கிய தட்டு மலிவு. வாங்குவோரை உள்நாட்டுத் தட்டின்பால் ஈர்க்கவே அதில் ஓரிரு மிகைப் பாட்டுச் சேர்த்தனர். அஃது ஓரளவு பொறுக்கத்தக்கது. ஒருவரே இருமுறை வாங்க நேர்வது அதில் அரிது. 2014-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ‘பில்போர்டு’ இதழ், இணையவழி ஓடவிட்டுக் கேட்டல் 1500 முறையாயின் அதனை ஒரு தொகை விற்றமைக்கு ஒப்பாகக் கொள்ளத் தொடங்கியது. பாட்டு மிகுந்தாற் கேட்கும் எண்ணிக்கையும் மிகும். ஒரே தொகையின் வேறுவேறு வடிவங்களை ஒன்றாகவே கூட்டியும் எண்ணுகின்றனர். எனவே தரவரிசையில் முதலிடத்தைக் காத்துக்கொள்ளப் புதுவடிவம் ஒன்றை வெளியிடுதல் எளிய வழியாயிற்று.

டெய்லர் ஸ்விஃப்ட் 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் வெளியிட்ட ‘தி டார்ச்சர்ட் பொயட்ஸ் டிபார்ட்மெண்ட்’ இதற்குத் தலையாய சான்று. தொகை பதினாறு பாட்டுடையது. தட்டாக விற்றவை நான்கு வடிவம். ஒவ்வொன்றின் ஈற்றிலும் வெவ்வேறு மிகைப் பாட்டு ஒன்று. தொகை வெளிவந்து இரண்டு மணி நேரத்திற்குள் மேலும் பதினைந்து பாட்டுக் கூட்டி, முப்பத்தொரு பாட்டுடைய வடிவம் இணையவழி வெளிவந்தது. நான்கு மிகைகளும் அதனுள் அடங்கின. அவற்றின் பொருட்டு நான்கு தட்டிற்கும் முன்பணம் கட்டியிருந்தவர் நிலை இரங்கத்தக்கது. முதல் வாரத்தில் அமெரிக்காவில் மட்டும் இருபத்தாறு இலட்சம் படிகளுக்கு ஒப்பான விற்பனை கணக்கிடப்பெற்றது. அதன்பின்னும் பல கிழமைகள் புதிய வடிவங்கள் வந்தவண்ணம் இருந்தன.

எம்மை வருத்துவது விற்பனையன்று. பதினாறாம் பாட்டாகிய ‘கிளாரா போ’ ஊமைப்பட நடிகை ஒருத்தியின் பெயரில் தொடங்கி, ஸ்டீவி நிக்ஸ் என்னும் பாடகியின் பெயரைச் சொல்லி, ஈற்றிற் பாடுபவர் தம் பெயரையே சொல்லி முடிகின்றது. புகழ் ஒருத்தியினின்று அடுத்தவளுக்குக் கைமாறுவதைக் காட்டும் பாட்டு. சம்பந்தர் பதிகங்களின் திருக்கடைக்காப்பை அறிந்த நமக்கு இவ்வமைப்பின் நுட்பம் உடனே விளங்கும். பாடியவர் பெயர் வந்தது, பதிகம் முடிந்தது. அதற்குமேற் பாடுதற்கு இடமில்லை. அத்தகைய கடைக்காப்பு அமைத்த கலைஞர் தாமே, நான்கு தட்டில் நான்கு வேறு பாட்டை அதன்பின் நிறுத்துகின்றார். ஒரு நூலுக்கு ஒரே நாளில் நான்கு ஈறு! கந்தியாரோ தம்பிரானோ வந்து செய்ததன்று. ஆசிரியரே தம் நூலில் இடைச்செருகுகின்றார். இதனை எவ்வகையிற் சேர்ப்பது என்று நம் பதிப்புநெறி நூல்களில் விதி காண்டலரிது.

ஆசிரியர்க்குத் தம் நூலை மாற்ற உரிமையில்லையா எனின், உண்டு. இக்கலைஞரே அதற்குச் சிறந்த சான்றும் தந்துள்ளார். தம் பழைய பதிவுகளின் உரிமை பிறர்க்கு விற்கப்பெற்றமையால், 2021 முதல் அத்தொகைகளை மீண்டும் பாடிப் பதிவு செய்து, முன் விடுபட்ட பாட்டுக்களையும் சேர்த்து வெளியிட்டார். 2012-இல் ஐந்தரை நிமிட அளவிற் சுருங்கியிருந்த ‘ஆல் டூ வெல்’ என்னும் பாட்டு அவற்றுள் ஒன்றிற் பத்து நிமிட வடிவில் வெளிவந்தது. நீண்டதால் அது நெகிழவில்லை. சுருக்கத்தில் மறைந்த சினம் விரிவிற் புலப்படுகின்றது. ஆண்டு மிகை ஓர் உரிமைப் போரின் கருவி. கேட்போர்க்கும் புதியதொன்று கிடைத்தது. பாப் டிலன் 1983-இற் பதிவு செய்து ‘இன்ஃபிடல்ஸ்’ தொகையிற் சேர்க்காது விட்ட ‘பிளைண்ட் வில்லி மெக்டெல்’ 1991-இல் தனித்தொகுதி ஒன்றில் வெளிவந்தபோது, அவர்தம் சிறந்த பாட்டுக்களுள் ஒன்றெனப் பலர் கொண்டாடினர். விடுபட்டவை எல்லாம் தாழ்ந்தவை அல்ல. மிகையெனக் கருதிச் செய்யுட்களைக் களைந்துகொண்டே சென்ற இரசிகமணி டி. கே. சி.யின் கம்பர் பதிப்பு நமக்கு நேர்ந்த எதிர்மறைப் பாடம். நல்லதே ஆசிரியர் வாக்கு எனக் கொள்வதும் பிழையே.

மற்றொரு நெறியும் உண்டு. லேடி காகாவின் ‘தி ஃபேம்’ 2008-இல் வந்தது. மறு ஆண்டில் எட்டுப் புதிய பாட்டுக்களை அதனோடு கூட்டி மறுவெளியீடு செய்ய முற்பட்டபோது, முழுத்தொகையையும் மீண்டும் வாங்குதல் கேட்போர்க்கு மிகுசெலவு என்றும், புதியன பொருளால் வேறானவை என்றும் கருதி, அவ்வெட்டையும் ‘தி ஃபேம் மான்ஸ்டர்’ எனத் தனித்தட்டாகவும் கிடைக்கச் செய்தார். இணைத்த வடிவும் விற்றது. தனி வடிவும் விற்றது. பொருளீட்டலுக்கும் நேர்மைக்கும் பகையில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. 2024-இல் பில்லி ஐலிஷ் ஒரே தொகையைப் பற்பல தட்டுவடிவில் விற்கும் வழக்கத்தைப் பொருள்வீண் எனக் கடிந்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆகவே, பிழை களைதற்கும் பாடவேறுபாடு காட்டற்கும் விடுபட்டவற்றைக் காத்தற்கும் செய்யும் மறுவெளியீட்டை யாம் உடன்படுகின்றோம். மிகை தனித்தும் கிடைத்தல் வேண்டும். தொடர்நிலையாயின் ஈற்றிற்குப் புறம்பே வேறு தட்டில் நிற்றல் வேண்டும். முன் வாங்கியவரையே மீண்டும் வாங்குவிக்கும் பொருட்டு ஈற்றை ஈடுவைக்கும் மறுவெளியீட்டைக் கலைஞர் செய்தாலும் வணிகர் செய்தாலும் உடன்படுகின்றிலோம். வருவாய் குன்றிய சிறு கலைஞர் இரண்டு பாட்டுக் கூட்டி நூறு படி விற்றுக்கொள்வதை இத்துணைக் கடுமையுடன் நோக்க வேண்டா. அவர் விற்பது பெரும்பாலும் தொகைநிலையே.

இனி, இசைத்தொகைகளை ஒப்பீட்டாய்விற்கு எடுத்துக்கொள்ளும் மாணவர்க்கு ஒரு சொல். எந்த ஆண்டின் எவ்வடிவைக் கேட்டீர்கள், அதில் எத்துணைப் பாட்டு, எதனோடு முடிகின்றது என்பதை ஆய்வேட்டின் முதற்பக்கத்திலேயே குறித்திடுக. ஸ்விஃப்டின் மேற்கூறிய தொகையைப் பற்றி எழுதுவார், தாம் பேசுவது பதினாறு பாட்டுடையதையா, பதினேழில் ஒன்றையா, முப்பத்தொன்றையா என்று கூறாது விடின், தேர்வாளர் எவ்வேட்டை நோக்கிச் சரிபார்ப்பது?